பொய்க்குச் சொன்ன வைத்தியம் மெய்யான கதை

1943ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு பெரிய இயந்திரத்தைக் கழற்றி மூட்டை கட்டினார்கள். சைக்ளோட்ரான்னு பேர். அணுத்துகள்களை வட்டமாகச் சுழற்றிச் சுழற்றி வேகம் ஏற்றும் கருவி. எதுக்கு எடுத்துட்டுப் போறீங்கன்னு கேட்டவங்களுக்கு ஒரு பதில் தயாராக இருந்தது: "ராணுவ வீரர்களுக்கு வைத்தியம் பண்ணணும், செயின்ட் லூயிஸ் போகுது." அது செயின்ட் லூயிஸ் போகவே இல்லை. நேரா லாஸ் அலமோஸ் போய் இறங்கியது. ஆமாங்க, அணுகுண்டு செய்த அதே இடம்தான்.

ரகசியம் காக்கச் சொன்ன அந்த 'வைத்தியம்' என்ற பொய், பதினெட்டு வருஷம் கழித்து அதே ஹார்வர்டில் உண்மையானது. பத்து லட்சத்தில் ஒருத்தருக்கு வரும் ஒரு கட்டிக்கு அது மருந்தாகவும் ஆனது. புற்றுநோய் வரலாறு என்றால் எல்லோரும் மேரி கியூரியில் ஆரம்பித்து கீமோவில் முடித்துவிடுகிறார்கள். இந்தக் கிளைக்கதையை அதிகம் பேர் சொல்வதில்லை. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

முதலில் அந்தக் கட்டி

நாமெல்லாம் கருவில் சின்னப் புழு மாதிரி இருந்த நாட்களில் நமக்கு முதுகெலும்பு கிடையாது. அந்த இடத்தில் முதுகுநாண் என்று ஒரு மெல்லிய தண்டு இருந்தது. பள்ளிக்கூடத்து விலங்கியல் புத்தகத்தில் 'முதுகுநாணிகள்' என்று படித்தோமே, அந்த நாண்தான். எலும்பு வந்ததும் அதுக்கு வேலை முடிந்துவிடும். ஆனால் வீடு கட்டி முடித்த பிறகும் சாரக் கட்டையில் ஒன்றிரண்டு மூலையில் கிடக்குமில்லையா, அது மாதிரி அதன் மிச்சசொச்சம் சிலருக்கு மண்டையோட்டின் அடியிலோ முதுகெலும்பிலோ தங்கிவிடும். பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. பத்து லட்சம் பேர் இருக்கும் ஊரில் வருஷத்துக்கு ஒருவர் என்ற கணக்கில், அது கட்டியாக வளர ஆரம்பிக்கிறது. அதுதான் கோர்டோமா.

1857ல் ஜெர்மனியின் விர்ஷோ மைக்ராஸ்கோப்பில் இதைப் பார்த்துவிட்டு, குருத்தெலும்பிலிருந்து வந்ததாக இருக்கும் என்றார். செல்களுக்குள் குமிழ் குமிழாக இருந்ததை வைத்துப் பெயரும் கொடுத்தார். இல்லை, இது முதுகுநாணின் மிச்சம் என்று அடுத்த வருஷமே முல்லர் என்பவர் சொன்னார். அவர் சொன்னதுதான் சரி என்று பின்னால் ஆனது.

இந்தக் கட்டியின் வேகம் பெரிய பிரச்சினை இல்லை. மெதுவாகத்தான் வளரும். பிரச்சினை அது குடியிருக்கும் விலாசம். மண்டையோட்டுக் கோர்டோமா வழக்கமாக வருவது கிளைவஸ் என்ற எலும்பில். மூக்குக்கு நேர் பின்னால், தலையின் நட்டநடுவில் இருக்கிறது. அதுக்குப் பின்பக்கம் ஒட்டினாற்போல் மூளைத்தண்டு, அதாவது மூச்சு, இதயத் துடிப்பு, விழுங்குவது எல்லாத்துக்கும் தலைமை அலுவலகம். மேலே பிட்யூட்டரி சுரப்பியும் பார்வை நரம்புகளும். கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் நரம்பு அந்த எலும்பை உரசிக்கொண்டு போவதால், பலருக்கு முதல் அறிகுறியே எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவதுதான்.

அறுவை சிகிச்சை கட்டாயம் வேண்டும். ஆனால் இந்த இடத்தில் கடைசித் துணுக்கு வரை சுரண்டி எடுப்பது பெரும்பாலும் நடக்காது. மிச்சம் வைத்தால் திரும்ப முளைக்கும். அந்த மிச்சத்துக்குத்தான் கதிர் சிகிச்சை, நம்ம ஊர்ப் பேச்சில் 'கரண்ட் வைக்கிறது'.

இங்கேதான் முட்டுச்சந்து. கோர்டோமாவுக்கு லேசான கதிர்வீச்சு உறைக்காது, 70 கிரே அல்லது அதுக்கு மேலே வேண்டும். (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு.) பக்கத்திலேயே இருக்கும் மூளைத்தண்டும் பார்வை நரம்பும் சுமார் 55 கிரேக்கு மேல் போனால் தாங்குவது சந்தேகம். அந்தக் காலத்து எக்ஸ்ரே சிகிச்சையில் பக்கத்து வீட்டைப் பார்த்துப் பயந்து 50, 55லேயே நிறுத்திவிடுவார்கள். கட்டி கொஞ்ச நாள் அடங்கி இருந்துவிட்டுத் திரும்ப வரும்.

திண்ணைப் பேச்சுத் துகள்

எக்ஸ்ரே ஏன் பக்கத்து வீட்டையும் சுடுகிறது? அதுக்கு நிற்கத் தெரியாது. தோலில் நுழைந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தியைக் கொட்டிக்கொண்டே கட்டியைக் கடந்து, மறுபக்கம் வெளியே போய்விடும். வழியெல்லாம் சேதம்.

புரோட்டான் வேறு ரகம். அதுக்கு மின்னேற்றம் உண்டு, எடையும் உண்டு. தெருவில் அவசரமாகப் போகிற ஆளைப் பாருங்க, யாரிடமும் பேச மாட்டார். அதே ஆள் நிதானமாக நடந்தால் ஒவ்வொரு திண்ணையிலும் நின்று கதை பேசுவார். புரோட்டானும் வேகமாக இருக்கும்போது வழியில் உள்ள அணுக்களுக்குக் கொஞ்சம்தான் சக்தியைக் கொடுக்கும். வேகம் குறையக் குறையக் கொடுப்பது கூடும். கடைசிச் சில மில்லிமீட்டரில் கையில் இருக்கும் மொத்தத்தையும் கொட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடும். அதுக்கு அந்தப் பக்கம் ஏறக்குறைய ஒன்றுமே போகாது.

இந்தக் குணத்தைக் கண்டுபிடித்தவர் வில்லியம் ஹென்றி பிராக். 1900களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பேராசிரியராக இருந்தபோது, ரேடியத்திலிருந்து வரும் ஆல்ஃபா துகள்களை வைத்துப் பார்த்தார். அந்தக் கடைசி உச்சத்துக்கு இன்றைக்கும் 'பிராக் உச்சம்' என்றுதான் பெயர். வைத்தியத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. நாற்பது வருஷம் அந்த விஷயம் இயற்பியல் புத்தகங்களிலேயே கிடந்தது.

குண்டு செய்தவர்

ஓப்பன்ஹைமர் படம் 2023ல் வந்தபோது லாஸ் அலமோஸ் பற்றி எல்லோரும் பேசினார்கள். அங்கே சைக்ளோட்ரான் குழுவின் தலைவராக இருந்தவர் ராபர்ட் வில்சன். அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. ஹார்வர்டின் இயந்திரத்தை வாங்கி வந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. 1945ல் குண்டு வேலை செய்கிறது என்று தெரிந்து ஊரே கொண்டாடியபோது, வில்சன் மட்டும் சோர்ந்து உட்கார்ந்திருந்ததை ஃபெயின்மேன் தன் நினைவுகளில் சொல்லியிருக்கிறார். ஃபெயின்மேனை அந்த வேலைக்கு இழுத்து வந்ததே வில்சன்தான்!

போர் முடிந்தது. ஹார்வர்டுக்குப் புது சைக்ளோட்ரான் கட்ட வேண்டும். வடிவமைக்கும் பொறுப்பு வில்சனுக்கு வந்தது. துகள்கள் வெளியே கசியாமல் இருக்க எவ்வளவு தடிமனில் சுவர் வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவருக்கு, புரோட்டான் ஒரு பொருளுக்குள் எவ்வளவு தூரம் போய் எங்கே நிற்கும் என்ற கணக்கு கையில் வந்தது. அந்தப் பொருள் சுவராக இல்லாமல் மனித உடம்பாக இருந்தால்?

1946ல் 'ரேடியாலஜி' இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். சாராம்சம் இதுதான்: வேகத்தை மாற்றினால் புரோட்டான் நிற்கும் ஆழத்தை மாற்றலாம், அதை வைத்து உடம்புக்குள்ளே இருக்கும் கட்டியைச் சுடலாம். ஒரே உச்சம் என்றால் ஊசி மாதிரி மெல்லியதாக இருக்குமே, கட்டி தடிமனாயிற்றே? அதுக்கும் வழி சொன்னார். இடத்துக்கு இடம் தடிமன் மாறும் ஒரு சக்கரத்தைக் கதிரின் குறுக்கே சுழல விட்டால், ஒவ்வொரு கணமும் வேறு வேறு ஆழத்தில் நிற்கும், கட்டி முழுக்க நிரப்பலாம். பின்னாளில் பல வருஷங்கள் மருத்துவமனைகள் பயன்படுத்தியது இதே சக்கர உத்தியைத்தான்.

குண்டு செய்ததுக்குப் பிராயச்சித்தம் தேடும் எண்ணம் இதில் தனக்கு இருந்தது என்ற அர்த்தத்தில் வில்சன் வயதான காலத்தில் பேசியிருக்கிறார். ஆனால் கட்டுரை எழுதியதோடு சரி, 1947ல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போய் மறுபடி துகள் இயற்பியலில் மூழ்கிவிட்டார். மருத்துவர்களும் உடனே கண்டுகொள்ளவில்லை.

முதலில் பிட்யூட்டரி

1954ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் டோபியாஸ், ஜான் லாரன்ஸ் குழுவினர் முதன்முதலாக மனிதருக்குப் புரோட்டான் கொடுத்தார்கள். குறி பிட்யூட்டரி சுரப்பி. பரவிவிட்ட மார்பகப் புற்றுநோயில் ஹார்மோனை அடக்குவதற்காக. ஏன் பிட்யூட்டரி? சி.டி. ஸ்கேன் இல்லாத காலம். உடம்புக்குள் எது எங்கே இருக்கிறது என்று மில்லிமீட்டர் கணக்கில் தெரியாது. பிட்யூட்டரியோ ஒரு எலும்புக் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது, அந்த எலும்பு சாதாரண எக்ஸ்ரேயில் தெரியும். அதான் காரணம். 1957ல் ஸ்வீடனின் உப்சாலாவில் ஆரம்பித்தார்கள்.

ஹார்வர்டின் புது சைக்ளோட்ரான் 1949ல் ஓட ஆரம்பித்திருந்தது. 1950களின் நடுவில் சக்தியை 160 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு உயர்த்தினார்கள். உடம்புக்குள் பதினாறு, பதினேழு செ.மீ. ஆழம் போகும். தலைக்கு அது தாராளம். 1961ல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் நரம்பியல் அறுவை நிபுணர் ரேமண்ட் கெல்பெர்க் அங்கே நோயாளிகளைக் கொண்டுவர ஆரம்பித்தார். மருத்துவமனை இருப்பது பாஸ்டனில், இயந்திரம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேம்பிரிட்ஜில். ஒரு இயற்பியல் கூடத்துக்குள் நோயாளி வந்து படுக்க வேண்டும். கதிர் ஒரே திசையில், கிடைமட்டமாகத்தான் வரும். அதைத் திருப்ப முடியாது, ஆளைத்தான் திருப்ப வேண்டும்.

1943ல் சொன்ன பொய்க்கு இப்படித்தான் உயிர் வந்தது.

பூட்டப் பார்த்தார்கள்

1967ல் அடி விழுந்தது. இயற்பியல் உலகம் இன்னும் பெரிய இயந்திரங்களுக்குப் போய்விட்டது. இந்தப் பழைய சைக்ளோட்ரானுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்த அமெரிக்கக் கடற்படையின் ஆய்வு அலுவலகம் கையை விரித்தது. வழக்கமாக இந்த மாதிரி இயந்திரம் பழைய இரும்புக்குத்தான் போகும். காப்பாற்றியது ஆண்டி கோயலர் என்ற இயற்பியலாளரும் அவருடன் இருந்த ஒரு சின்னக் கூட்டமும். வைத்தியத்துக்காக மட்டும் இதை ஓட்டுவோம் என்று பிடிவாதமாக நின்றார்கள்.

இன்னொருவர் வந்து சேர்ந்தார். 1970ல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் கதிர் சிகிச்சைத் துறைக்குத் தலைவரான ஹெர்மன் சூட். கெல்பெர்க் முறையில் சின்ன இலக்குக்கு ஒரே தடவையில் பெரிய அளவு கொடுப்பார்கள். அது எல்லாக் கட்டிக்கும் சரிவராது. வழக்கமான கதிர் சிகிச்சை போலவே தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, பல வாரங்கள் புரோட்டானைக் கொடுத்தால் பெரிய கட்டிகளையும் தொடலாம் என்பது சூட்டின் யோசனை. துகள் இயற்பியலை விட்டுவிட்டு வந்த மைக்கேல் கோய்ட்டைன் அவருக்குத் துணை. 1970களின் நடுவில் இது நடைமுறைக்கு வந்தது.

அதே சமயம் சி.டி. ஸ்கேனும் வந்து சேர்ந்தது. ஒரு சுவாரசியம் சொல்றேன். சி.டி.க்காக 1979ல் நோபல் வாங்கிய இருவரில் ஒருவரான ஆலன் கார்மாக், 1950களில் வேறு ஆராய்ச்சிக்காக இதே ஹார்வர்டு சைக்ளோட்ரானில் வந்து வேலை பார்த்தவர்! புரோட்டானுக்கு சி.டி. வெறும் படம் இல்லை, வழிகாட்டி. எலும்பில் எவ்வளவு தூரம், தசையில் எவ்வளவு தூரம், காற்றறையில் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டால்தான் துகள் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியும். கோய்ட்டைன் கணினியில் கட்டியையும் அக்கம்பக்கத்தையும் முப்பரிமாணத்தில் வரைந்து, எந்த உறுப்புக்கு எவ்வளவு போகிறது என்று பார்க்கும் முறைகளை வளர்த்தெடுத்தார். இன்றைக்கு எக்ஸ்ரே சிகிச்சை கொடுக்கும் இடங்களிலும் அந்தப் பாணிக் கணக்குதான் ஓடுகிறது.

பத்து லட்சத்தில் ஒருவருக்கு

இப்போது கையில் மூன்று விஷயம்: நிற்கத் தெரிந்த துகள், எங்கே நிற்க வேண்டும் என்று காட்டும் படம், தலைக்கு மட்டும் போதுமான சக்தி உள்ள பழைய இயந்திரம். இதுக்குப் பொருந்தும் நோய் எது? ஆழம் அதிகம் இல்லை, அசையாத எலும்பில் இருக்கிறது, பக்கத்தில் தொடக்கூடாத உறுப்பு. கோர்டோமாவும், அதே இடங்களில் வரும் காண்ட்ரோசார்கோமா என்ற குருத்தெலும்புக் கட்டியும் அச்சு அசலாகப் பொருந்தின.

1982ல் சூட் குழுவினர் மண்டையடி, கழுத்துப் பகுதிக் கட்டிகளுக்கான முதல் அறிக்கையை வெளியிட்டார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகள்தான். 1989ல் 68 பேர் கணக்கு வந்தது: நடுத்தரமாக 69 கிரே அளவுக்குக் கொடுத்திருந்தார்கள், ஐந்து வருஷக் கணக்கில் 82 சதவீதம் கட்டி அதே இடத்தில் திரும்ப வளரவில்லை. 50, 55லேயே பயந்து நின்ற காலத்தை நினைச்சுப் பாருங்க.

1999ல் மன்சென்ரைடர், லீப்ஷ் இருவரும் மண்டையடியில் மட்டும் 519 நோயாளிகளின் கணக்கைக் கொடுத்தார்கள். கட்டி திரும்பாமல் இருப்பது, காண்ட்ரோசார்கோமாவில் ஐந்து வருஷத்தில் 98 சதவீதம், பத்து வருஷத்தில் 94. கோர்டோமாவில் ஐந்தில் 73, பத்தில் 54.

அந்த 73க்கும் 54க்கும் நடுவில் இருக்கும் இறக்கத்தைக் கவனிங்க. கோர்டோமா அவ்வளவு லேசில் விடுவதில்லை. ஐந்து வருஷம் தாண்டியாச்சு என்று ஸ்கேன் எடுப்பதை நிறுத்தக் கூடாத நோய்.

இன்னொரு சங்கதி அதே 1999ல் வெளியானது. மண்டையடிக் காண்ட்ரோசார்கோமா 200 பேரின் திசுக்களைத் திரும்ப எடுத்துப் பார்த்ததில், மூன்றில் ஒருவருக்கும் மேலாக முதலில் 'கோர்டோமா' என்று தப்பாகப் பெயர் எழுதப்பட்டிருந்தது. 37 சதவீதம்! இரண்டும் ஒரே இடத்தில் வரும், மைக்ராஸ்கோப்பில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் தலையெழுத்து வேறு வேறு. விர்ஷோ 1857ல் குழம்பிய அதே குழப்பம். 2006ல் பிராக்கியூரி என்ற புரதம் இதைப் பிரித்துக்காட்டும் என்று தெரிந்தது. கோர்டோமாவில் இருக்கும், காண்ட்ரோசார்கோமாவில் இருக்காது. இன்றைக்கு யாருக்காவது இந்த இடத்தில் கட்டி என்று சொன்னால், பிராக்கியூரி சோதனை செய்தாச்சா, அனுபவமுள்ள இன்னொரு நோய்க்குறியியல் நிபுணர் ஸ்லைடைப் பார்த்தாரா என்று கேட்பது எந்த இயந்திரத்தில் சிகிச்சை என்பதைவிட முந்திய கேள்வி.

இயந்திரம் மருத்துவமனைக்கு வந்தது

1990ல் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவில், மருத்துவமனைக்குள்ளேயே புரோட்டான் சிகிச்சைக்கென்று கட்டிய முதல் மையம் திறந்தது. அதன் முடுக்கியைக் கட்டிக் கொடுத்தது ஃபெர்மிலேப். அந்த ஃபெர்மிலேப்பை 1967ல் ஆரம்பித்து முதல் இயக்குநராக இருந்தவர் யாருன்னு நினைக்கிறீங்க? நம்ம ராபர்ட் வில்சன்தான் :-)  2000 ஜனவரியில் இறப்பதற்கு முன் தன் கட்டுரை நடைமுறைக்கு வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

1996ல் ஸ்விட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனம் சக்கரம், தடுப்பு எதுவும் இல்லாமல் மெல்லிய புரோட்டான் கற்றையைப் புள்ளி புள்ளியாக நகர்த்திக் கட்டியை நிரப்பும் முறையில், கதிரையே நோயாளியைச் சுற்றித் திருப்பும் கருவியோடு சிகிச்சை தர ஆரம்பித்தது. கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய மையங்கள் பெரும்பாலும் இந்த வழிதான்.

ஹார்வர்டின் கிழட்டு சைக்ளோட்ரானுக்கு 2002ல் ஓய்வு கொடுத்தார்கள். 1961லிருந்து அது பார்த்த நோயாளிகள் 9,116 பேர். அதுக்கு முன்பே 2001ல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை வளாகத்திலேயே புது மையம் வந்துவிட்டது.

நம்ம பக்கம் வர ரொம்ப நாளானது. 2019 ஜனவரியில் சென்னையில் அப்போலோ புரோட்டான் மையம் திறந்தபோது தெற்காசியாவிலேயே அதுதான் முதல். அதுக்கு முன்னால் வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டும். 2023ல் நவி மும்பை கார்கரில் டாட்டா நினைவு மையத்தின் புரோட்டான் சிகிச்சை ஆரம்பித்தது. அரசு சார்ந்த இடம் என்பதால் அது முக்கியம்.

கடைசியாக ஒரு தராசு

இவ்வளவு பாராட்டியாச்சு, மறுதட்டையும் வைக்கணும். புரோட்டான் எல்லாப் புற்றுநோய்க்கும் மந்திரக்கோல் இல்லை. எக்ஸ்ரே சிகிச்சையும் 1970களிலேயே நிற்கவில்லை. பல திசையிலிருந்து செதுக்கிச் செதுக்கிக் கொடுக்க இப்போது முடிகிறது, பல கட்டிகளுக்கு அதுவே போதும். கோர்டோமா அபூர்வம் என்பதால் புரோட்டானையும் இன்றைய எக்ஸ்ரேயையும் நேருக்கு நேர் நிறுத்திய பெரிய ஆய்வும் கிடையாது. பக்கத்து உறுப்பு தப்பித்தே தீரும் என்றும் இல்லை. பிட்யூட்டரி சுரப்பு குறைவது, காது மந்தமாவது, மூளையின் பக்கவாட்டு மடலில் காயம் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. துகள் சரியாக எங்கே நிற்கிறது என்பதில் ஓரிரு மில்லிமீட்டர் சந்தேகம் இன்றும் உண்டு. எல்லாத்துக்கும் மேலே, முதலில் கத்தி பிடிக்கும் நிபுணர் எவ்வளவு எடுத்தார் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

எனக்கு இந்த வரலாற்றில் பிடித்தது வில்சனைவிடக் கோயலர் கூட்டம்தான். யோசனை சொன்னவர் ஒரு வருஷத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார். பணம் நின்ற பிறகும் ஓடாத இயந்திரத்தை ஓட்டி, வாரம் முழுக்க ஒவ்வொரு நோயாளியாகப் படுக்க வைத்துக் குறி பார்த்தவர்களால்தான் மேலே சொன்ன 519 என்ற எண்ணிக்கையே வந்தது. பத்து லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய்க்கு லாபக் கணக்குப் பார்த்து யாரும் புதுசாக இயந்திரம் கட்டியிருக்க மாட்டார்கள். யாருக்கும் வேண்டாத ஒரு பழைய இயந்திரமும், அதை விட மனசில்லாத நாலு பேரும் இருந்தார்கள்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, வரலாறு படிக்கிற ஆசாமி. யாருக்காவது இந்த நோய் என்றால் இந்தப் பதிவைக் காட்டி வாதாடாதீங்க, இந்தக் கட்டியை அடிக்கடி பார்த்துப் பழகிய மருத்துவரைத் தேடுங்க. ஸ்லைடை இன்னொருத்தரிடம் காட்டுவதை மட்டும் மறந்துடாதீங்க.